பங்காளிக் காய்ச்சல்

சாப்பாட்டு மேஜையில் இரண்டு ஃபோன்கள் குப்புறக் கிடந்தன. ஒன்று என் மனைவியுடையது, ஒன்று என்னுடையது.

வருஷத்துக்கு ஒரு தடவை, கணக்கு வருஷம் முடிகிற சாயங்காலம் எங்கள் வீட்டில் நடக்கிற கூத்து இது. அவரவர் முதலீடு அந்த வருஷம் எத்தனை சதவீதம் வளர்ந்தது என்று ஃபோனைத் திருப்பிக் காட்ட வேண்டும். தொடங்கியபோது இருவரும் போட்டது ஒரே தொகை.

நான் பங்குகளைப் பொறுக்கி வாங்குகிறவன். லாபத்தில் ஒழுங்காக டிவிடெண்ட் பிரித்துக் கொடுக்கிற கம்பெனியா, முதலாளி யோக்கியனா, கடன் எவ்வளவு என்று ஆண்டறிக்கையின் பொடி எழுத்து வரை படிப்பேன். டயர் கடை நடத்துகிறவன் ஆகையால் டயர் கம்பெனிக்கு மட்டும் அறிக்கை படிக்கவில்லை, டயரை முகர்ந்து பார்த்தே வாங்கினேன். சாப்பிடும்போது டயர், பிஸ்கட், துறைமுகம், மின்கம்பி என்று என் கம்பெனிகளை எல்லாம் அவளிடம் ஒப்பிப்பேன். அவள் ரசத்தைப் பற்றி ஏதாவது கேட்பாள்.

அவளுடையது இண்டெக்ஸ் ஃபண்ட். சந்தையில் இருக்கிற பெரிய கம்பெனிகள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம், படிக்க வேண்டாம். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு. யார் இரத்தம் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எழுதிப் பழகியவள். மாசம் பிறந்தால் பணம் தானாகப் போய்விடும், அவள் காலை நீட்டிப் படுத்துக்கொள்வாள்.

ஒவ்வொரு வருஷமும் அவள்தான் ஜெயித்தாள்.

மனைவி ஜெயித்தால் புருஷனுக்குப் பெருமையாக இருக்க வேண்டாமா? எனக்கு வயிறு எரிந்தது. பங்காளிக் காய்ச்சல் பங்காளி மேல்தான் வரும் என்று யார் சொன்னது? பக்கத்துத் தலையணையில் படுக்கிறவள் மேலும் வரும். அவள் குறட்டை கூட எனக்கு ஃபண்ட் வளர்கிற சத்தமாகக் கேட்டது.

போன வருஷம் ஜெயித்துவிட்டு, "ஏதோ அதிர்ஷ்டம்" என்றாள். அந்த அடக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கைகொட்டிச் சிரித்திருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருப்பேன்.

மறுநாள் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். டயர்களுக்கு நடுவே உட்கார்ந்து என் பங்குகளை ஒன்று விடாமல் விற்றேன். அவள் வைத்திருக்கிற அதே ஃபண்டை வாங்கினேன்.

வீட்டில் மூச்சு விடவில்லை. வழக்கம்போல ஆண்டறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் காதில் விழும்படி "அடேயப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். விற்ற பங்குகளின் விலையை மட்டும் பார்க்கவே இல்லை. உறவு முறிந்த வீட்டுப் பக்கம் எதற்கு எட்டிப் பார்க்க வேண்டும்?

ஆக, இன்று நான் தோற்க வழியே இல்லை. அதே ஃபண்ட், அதே எண், இருவரும் சமம். ஃபண்டின் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு சதவீதத்தை மட்டும் காட்டிவிடுவதாகத் திட்டம். என் ஃபோனில் ஆறு சதவீதம் இருந்தது. கொஞ்சம்தான். ஆனால் அவளுக்கும் அதே கொஞ்சம்தானே என்று தெம்பாக இருந்தேன்.

"நான் முதல்ல" என்று அவள் தன் ஃபோனைத் திருப்பினாள்.

இருபத்திரண்டு.

எனக்குக் காதில் புகை வந்தது. அதே ஃபண்டில் இது நடக்காது. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் வேலை செய்கிற இடத்தில் ஒரு டாக்டர் இருக்கிறார், வாயைத் திறந்தால் ஷேர் மார்க்கெட்தான். அவராகத்தான் இருக்கும். வருஷம் முழுக்க இவள் ஃபோன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்ததே, நான் ஒரு முட்டாள், வேலை விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"யார் பேச்சைக் கேட்டு வாங்கின?" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

அவள் சிரித்துக்கொண்டே ஃபோனை என் பக்கம் தள்ளினாள். திரையை விரலால் தள்ளிப் பார்த்தேன்.

டயர் கம்பெனி. பிஸ்கட் கம்பெனி. துறைமுகம். மின்கம்பி செய்கிறவர்கள். நான் சாப்பிடும்போது ஒப்பிக்கிற அதே வரிசை.

நான் பொடி எழுத்தில் படித்துப் படித்துப் பொறுக்கியவை. அந்த டிங் டிங் எல்லாம் எனக்கு வந்திருக்க வேண்டிய டிவிடெண்ட் அவள் கணக்கில் விழுந்த சத்தம்.

"போன வருஷம் உங்க முகத்தைப் பார்க்கவே சகிக்கல" என்றாள். "ரெண்டு பேரும் ஒண்ணையே வெச்சிருந்தா யாரும் தோக்க வேண்டாமேன்னு தோணுச்சு. அதான் ஃபண்டை வித்துட்டு உங்களோடதையே வாங்கிட்டேன். இவ்வளவு படிக்கிற மனுஷன் சொல்றது தப்பாவா போயிடும்?"

இத்தனை வருஷத்தில் எனக்கு இப்படி எரிந்ததே இல்லை. அவள் மேல் இல்லை, அந்த டாக்டர் மேலும் இல்லை. அவள் சொன்னாளே, அந்த மனுஷன் மேல். சேர்த்து வைத்ததை எல்லாம் அவனை நம்பிப் போட்டிருக்கிறாள். நான்தான் அவனை நம்பவில்லை.

"ம், நீங்களும் திருப்புங்க. அதே இருபத்திரண்டுதானே இருக்கும்?"

உள்ளங்கையை ஃபோன் மேல் அழுத்தி வைத்துக்கொண்டேன்.

"சார்ஜ் போயிடுச்சு" என்றேன்.

"அவ்வளவுதானே, இருங்க" என்று சார்ஜர் எடுத்து வர எழுந்து உள்ளே போனாள்.