பாறைக் கடலில் சிட்டு

கடலில் தவிப்பவர்களைத் தேடிப் போகும் மீட்புப் படகை இயக்க ஒரு சிப் தேவைப்பட்டது. போட்டிக்கு இரண்டு சிப்கள் சோதனை மேசைக்கு வந்தன.

மூத்தது சூறாவளி. நொடிக்குப் பல கோடி முறை அடிக்கும் தன் துடிப்பின் மேல் அதற்குத் தனிப் பெருமை. எந்த வேலையையும் பொடிப்பொடியாகப் பிரித்து, நீண்ட வரிசையில் நிறுத்தி, படபடவென்று தள்ளிவிடும். இளையது சிட்டு. அதன் துடிப்பு மெதுவு, வரிசையும் குட்டை. ஆனால் புதிய ஆலையில் பிறந்ததால் அதன் மேல் பொறித்த மின்கோடுகள் அவ்வளவு மெல்லிசு, மின்சாரமும் கொஞ்சமே போதும்.

முதலில் திரையில் திறந்த கடல் விரிந்தது. சூறாவளியின் படகு பறந்தது.

"அடேயப்பா, என்ன ஓட்டம் அண்ணே!" என்று வாய் பிளந்தது சிட்டு.

அடுத்து பாறைக் கடல். பாறை கண்ணில் படும் முன்பே, திரும்புவது இடமா வலமா என்று ஊகிக்க வேண்டும். சூறாவளி இடம் என்று ஊகித்தது, அங்கே பாறை. வரிசையில் பாதி முடிந்து நின்ற வேலையை எல்லாம் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கியது. மறுபடியும் ஊகம் பொய்த்தது. உடம்பு கொதித்தது. வேறு வழியின்றி வேகத்தைக் குறைத்தபோது, சிட்டுவின் படகு கரை சேர்ந்திருந்தது.

"உனக்கு ஊகம் தப்பவே இல்லையா?" என்று கேட்டது சூறாவளி.

"உங்களுக்குத் தப்பின இடத்துலதான் எனக்கும் தப்புச்சு அண்ணே. வரிசை குட்டை, அதனால கொட்டுறதுக்குக் கொஞ்சம்தான் இருந்துச்சு. கோடும் மெல்லிசு, சூடு ஏறல."

சிட்டுவே தேர்வானது. அதை மேசையிலிருந்து கழற்றப் பொறியாளர் கை நீட்டியதும் சூறாவளி பதறியது.

"போறதுக்கு முன்னாடி அந்தப் பாறைக் கடலை இன்னொரு தடவை ஓட்டிக் காட்டுடா. நான் சும்மா உட்கார்ந்து பார்க்கணும்."