காய்ச்சல் வர வேண்டும்

தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தாள். 98.4.

காலையிலும் இதேதான். நேற்றும் இதேதான்.

சனியன், ஒரு புள்ளியாவது ஏறக் கூடாதா?

மருத்துவமனையில் கொடுத்த அட்டையில் எழுதினாள். ஊசி போட்ட மூன்றாம் நாள், மாலை. காய்ச்சல் இல்லை. வீக்கம் இல்லை.

மார்பில் வந்த புற்றுநோயை அறுத்து எடுத்தாகிவிட்டது. அது திரும்ப வராமலிருக்கப் புதிதாக ஒரு தடுப்பூசி. இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

காய்ச்சலை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள் என்று அவர் சொல்லித்தான் அனுப்பினார்.

சொல்லுவார். முப்பத்தொரு வருஷம் கிராமத்து நர்ஸாக இருந்து, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி குத்தியவள் அவள். மருந்து உள்ளே போனால் உடம்பு சும்மா இருக்காது.

தனக்குத் தண்ணீரைத்தான் குத்தியிருக்கிறார்கள். இனி நோய் வந்தால் வந்ததுதான்.

போன் அடித்தது. பேச்சியம்மா. அதே நாளில், அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்ட உசிலம்பட்டிக்காரி.

"நர்சம்மா, மேலெல்லாம் அனலாக் காயுது. ஊசி போட்ட எடம் கல்லாட்டம் வீங்கிக் கெடக்கு. சீக்கு திரும்பிருச்சு போல. அடுத்த ஊசிக்கு நான் வரமாட்டேன் சாமி."

அழுதாள்.

இவள் கண் அட்டைக்குப் போனது.

கொடுத்துவைத்தவள். அது தெரியாமல் அழுகிறாள்.

வராவிட்டால் போகட்டுமே என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்கு வெட்கமாக இருந்தது.

"ஏத்தா, இது சீக்கு இல்ல. ஊசிக் காய்ச்சல். இப்பவே டாக்டருக்குப் போனைப் போட்டுச் சொல்லு, என்ன மாத்திரைன்னு சொல்லுவாரு. அடுத்த ஊசிக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"நெசமாவா? ஒங்களுக்கும் இப்படித்தான் காயுதா?"

"ஆமாத்தா. கொதிக்குது."

அழுகை நின்றது.

"அய்யோ, ஒங்களுக்குமா? ஒத்தையில வேற கெடக்கீக! ஒரு வாய் கஞ்சி வச்சுக் குடிச்சிட்டுப் படுங்கம்மா. விடிஞ்சா எறங்கிரும்."

சரி என்றாள்.