நெல்பாவின் இடது கை

மொந்தெவிதேயோ நகரின் 'பதினெட்டாம் ஜூலை' என்னும் வீதியில் உள்ள கணினிக் கடையில், கண்ணாடி வழியே சாய்ந்த வெயில் மேசைமேல் விழுகிறது. அங்கே நடுவில் பிளந்த விசைப்பலகை ஒன்று, இறக்கை விரித்த வௌவால்போலக் கிடக்கிறது. முன்னால் நெல்பா. வக்கீல் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சு செய்பவள். வலது மணிக்கட்டில் கட்டு. இடது அக்குளில் வெந்நீர் பிளாஸ்க். இடது கையில், தேநீர்போல இந்த ஊரே நாள் முழுக்க உறிஞ்சும் மாத்தே இலை ஊறும் சுரைக்குடுக்கை. "கீபோர்டை மாத்து, இல்ல வேலையை மாத்துன்னுட்டார் டாக்டர்," என்கிறாள். "கவலையை விடுங்கக்கா. ரெண்டு கையும் தனித்தனியா, சொகுசா இருக்கும். அடிச்சுப் பாருங்க," என்கிறான் விற்பனையாளன் எடிசன். அவள் அடிக்கிறாள். வலது கை மட்டும் இந்தப் பாதியிலிருந்து அந்தப் பாதிக்குத் தவளையாகத் தாவுகிறது. கட்டு அவிழ்ந்து தொங்குகிறது. "அந்தக் கையையும் வைங்கக்கா." நெல்பா தன் இடது கையைப் பார்க்கிறாள். குடுக்கையில் செருகிய குழலில் சர்ரென்று கடைசிச் சொட்டுவரை உறிஞ்சுகிறாள். இப்போது குடுக்கையைக் கீழே வைத்துவிடுவாள் என்று எடிசன் காத்திருக்கிறான். அவளோ உடம்பைச் சாய்த்து, அக்குள் பிளாஸ்கிலிருந்து மறுபடியும் வெந்நீர் ஊற்றிக்கொள்கிறாள். பிறகு முழங்கையால் இடது பாதியைத் தள்ளித் தள்ளி வலது பாதியோடு முட்டவைக்கிறாள். ஒற்றைக் கையால் ஒரு வரி அடிக்கிறாள். முகம் மலர்கிறது. "அடடா, என்ன சுகம்! தம்பி, இதை இப்படியே ஒட்டிக் குடுத்துடுறீங்களா?" எடிசன் சிரிக்கவில்லை. "எல்லாருக்கும் ஒட்டித்தான்க்கா குடுக்கறேன்," என்று ஒட்டுநாடாவை இழுத்துப் பல்லால் கடித்து அறுக்கிறான், தன் அக்குளில் இருக்கும் பிளாஸ்க் நழுவிவிடாமல்.