பெரிய கங்காணிக்கு ஒரு நல்ல வார்த்தை

ஒப்பாரியில் கருப்பாயி கங்காணியின் தங்கக் கடிகாரம் வரைக்கும் வந்துவிட்டாள்.

தலைப்பாகை முடிந்தது. கறுப்புக் கோட்டு முடிந்தது. தங்காக் பட்டணத்தில் வாங்கிய வெள்ளிப்பூண் பிரம்பும் முடிந்தது.

செத்துக் கிடந்த கங்காணியின் தலைமாட்டில் அவர் பெண்சாதி செல்லம் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

செத்தவர் யாராக இருந்தாலும், பாடை தூக்குவதற்குள் அவர் செய்த நல்லதில் ஒன்றையாவது பாடி அனுப்புவது அந்த ரப்பர் தோட்டத்து வழக்கம். போன மாதம் கக்கூஸ் கழுவுகிற கிழவன் போனான். கட்டியிருந்த கோவணம் தவிர அவனுக்குச் சொத்து கிடையாது. யார் பிள்ளை அழுதாலும் தூக்கி வைத்துக்கொள்வான் என்று சொல்லிச் சொல்லி, கூலிகள் குடியிருந்த லயமே அவனுக்காகத் தொண்டை கிழிய அழுதது.

சடையப்பன் பெரிய கங்காணி. இத்தனை பேரையும் ஊரிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த மகாராஜா. அவர் பிரம்பு படாத முதுகு லயத்தில் கிடையாது.

ஒரே ஒரு நல்ல வார்த்தை விழுந்தால் போதும் என்றிருந்தது செல்லத்துக்கு. அதுகூட இல்லையென்றால், இந்த மனிதனோடு குப்பை கொட்டிய காலத்துக்கெல்லாம் என்னதான் அர்த்தம்?

கருப்பாயியின் பாட்டு மாட்டுவண்டிக்குப் போனது. பிறகு காதுக் கடுக்கன். அதற்குமேல் பாட ஒன்றும் இல்லை. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களின் கண்ணெல்லாம் வறண்டு கிடந்தது.

தோட்டத்துத் துரை மத்தியானம் வரைக்கும்தான் ஆட்களுக்கு வேலையிலிருந்து விடுப்புக் கொடுத்திருந்தார். தூக்கலாமா என்று வாசலிலிருந்து ஒருவர் கேட்டார். செல்லம் கையைக் காட்டி நிறுத்தினாள். வாய்விட்டுக் கேட்கிற காரியமா இது? பிச்சைக்காரி மாதிரி கருப்பாயியின் முகத்தையே பார்த்தாள்.

கருப்பாயி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு திடீரென்று குரல் உடைந்து வந்தது.

"வெசக்காய்ச்சல் வருசத்துல, என் ராசா, லயமே பட்டினியாக் கெடக்கயில, கதவோரம் அரிசி வச்சி, என் ராசா, எம்புள்ள உசுரக் காத்த சாமியே!"

அவ்வளவுதான். பெண்கள் ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு கதறினார்கள். வாசலில் நின்ற ஆண்களும் துண்டால் முகத்தைத் துடைத்தார்கள். அடி வாங்கிய முதுகுகள்தான். ஆனாலும் அந்த அரிசியை யாரும் மறக்கவில்லை.

செல்லம் மார்பில் அறைந்துகொண்டு அலறினாள். புருஷன் மேல் எவ்வளவு உயிர் பார் என்று பெண்கள் உருகிப்போனார்கள்.

காய்ச்சலில் படுத்துக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராதவனுக்கு அரிசி கிடையாது என்பது அந்த வருஷம் கங்காணி போட்ட சட்டம். அவர் மலைக்காட்டுக்குப் போன நேரம் பார்த்து, முந்தானையில் அரிசியைக் கட்டிக்கொண்டு போய்க் கதவு கதவாக வைத்தவள் செல்லம். கேட்டவர்களிடம், கங்காணி கொடுத்தனுப்பினார் என்று சொன்னாள். நாலு பேர் அவரை வாயார வாழ்த்தட்டுமே என்ற நப்பாசை.

விஷயம் அவர் காதுக்குப் போன அன்று விழுந்த உதையில் அவள் வயிற்றுப் பிள்ளை கலைந்தது. பிறகு தங்கவே இல்லை.

அதை இனி யாரிடம் சொல்ல? ஏங்கிக் கிடந்த வார்த்தைதான் கிடைத்துவிட்டதே.

தூக்கலாம் என்று தலையை அசைத்தாள்.