கழற்றி வைத்த ஷூ

"ஷூவைக் கழட்டு."

தமாண்டா என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏழாம் வகுப்பு, வகுப்பிலேயே முதல் மாணவி. காலில் புத்தம் புதுக் கறுப்பு ஷூ.

"ஏன் சார்?"

"கேள்வி கேக்காதே. கழட்டி அந்த மக்காச்சோளச் சாக்குல போடு."

சாக்கில் ஏற்கனவே ஆறு ஜோடி கிடந்தன. எல்லாம் நான் கழற்ற வைத்ததுதான்.

அன்று எங்கள் தொண்டு நிறுவனத்தின் தலைவி வருகிறார். வருஷத்துக்கு ஒரு தடவை கடல் கடந்து வருவார். மலாவி நாட்டில் எத்தனையோ கிராமம் இருக்க, எங்கள் கம்பிண்டா ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்த நிறுவனம் அது. அதன் உள்ளூர் ஆள் நான்.

பள்ளி ஏழாவதோடு நின்றிருந்தது. எட்டாவதுக்கு ஒரு அறை, ஒரு வாத்தியார். இந்தத் தடவை ஊர் கேட்கப்போவது அது மட்டும்தான். கிடைக்காவிட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்குப் பதினோரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அவ்வளவு தூரம் பெண் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்? ஏழாவதோடு படிப்பு முடிந்துவிடும்.

தமாண்டாவின் அம்மா எனலேசி அக்கா வேகமாக வந்தாள். அவளும் இருப்பதில் நல்ல துணியாக எடுத்துச் சுற்றியிருந்தாள்.

"எதுக்குத் தம்பி கழட்டச் சொல்றே? ரெண்டு ஆட்டை வித்து வாங்கிக் குடுத்திருக்கேன்."

"அதான் தப்புங்கறேன். பகட்டு காட்டுற நேரமாக்கா இது?"

"விருந்தாளி வர்றப்ப நல்லதைத்தானே போடணும்? கிழிசலோட போய் நின்னா வர்றவங்களை மதிக்கலேன்னு ஆயிடாதா?"

"அது நம்ம ஊர் வழக்கம். அவங்களுக்குப் பாவமா இருந்தாத்தான் மனசு இளகும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். எட்டாவது வேணுமா வேண்டாமா, அதைச் சொல்லுங்க."

அக்கா கொஞ்ச நேரம் மகளின் காலையே பார்த்தாள்.

"நீ படிச்சவன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

தமாண்டா ஷூவைக் கழற்றி, தூசி தட்டி, சாக்கில் வைத்தாள். பாதம் ரொம்பச் சுத்தமாக இருந்தது. அதுவும் எனக்கு உறுத்தியது.

"கொஞ்சம் புழுதியில நடந்துட்டு வா" என்றேன்.

அதைச் சொன்ன வாயை நினைத்தால் இப்போது கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தலைவி வந்தார். எங்கள் வழக்கப்படி பெண்கள் மண்டியிட்டு வரவேற்றார்கள். கோழிக் குழம்பும் மக்காச்சோளக் களியும் பரிமாறினோம். சாப்பாடு முடிந்ததும் போட்டோ. வெறுங்கால் பிள்ளைகளாகப் பார்த்து முன் வரிசையில் நிறுத்தினேன்.

தலைவி தமாண்டாவிடம் குனிந்து, என்ன வேண்டும் என்று கேட்டார். நான்தான் மொழிபெயர்ப்பு.

"எட்டாவது வேணும். இங்கேயே வேணும்."

அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவரும் தலையாட்டினார். ஆனால் அவர் கண் பிள்ளையின் பாதத்தை விட்டு நகரவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன், 'பார்த்தீங்களா?' என்பது போல.

புது வகுப்புகள் தொடங்கும் செப்டம்பரில் லாரி வந்தது. செங்கல்லும் சிமெண்டும்தான் என்று ஊரே பின்னால் ஓடியது. நான் மேலே ஏறி முதல் பெட்டியைப் பிரித்தேன்.

உள்ளே ஷூ. அடுத்த பெட்டியிலும் ஷூ. மொத்தம் முந்நூறு ஜோடி.

கூடவே ஒரு கடிதம். ஊர்த் தலைவர் படிக்கச் சொன்னார். எல்லோர் முன்னாலும் படித்தேன்.

'அந்தப் படத்தைப் பார்த்து இங்கே அழாதவர்கள் இல்லை. புழுதியில் வெறுங்காலோடு நிற்கும் குழந்தைகளுக்கு முதலில் ஷூதான் என்று முடிவு செய்துவிட்டோம். எட்டாம் வகுப்பை வேறொரு வருடம் பார்த்துக்கொள்ளலாம்.'

"இதையே ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி ஒரு ரூம் கட்டிடலாமாப்பா?" என்றார் ஊர்த் தலைவர். யாரும் சிரிக்கவில்லை.

பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். ஆளுக்கொரு ஜோடி கொடுத்தேன். தமாண்டாவின் முறை வந்தது, அம்மாவோடு வந்தாள். காலில் அதே கறுப்பு ஷூ.

எனக்குத் தலை நிமிரவில்லை. ஒரு ஜோடியை நீட்டினேன்.

"மன்னிச்சிடுங்கக்கா. என்னாலதான் எல்லாம். இவளுக்கு இது தேவையே இல்ல, ஏற்கனவே ஒரு ஜோடி இருக்கே..."

அக்கா அதை வாங்கிக்கொண்டாள். திருப்பி, அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இருக்கட்டும் தம்பி. திங்கக்கிழமையிலேருந்து தினமும் ஆத்துக்கு அந்தப் பக்கம் நடக்கப் போறா. ஒரு ஜோடி எத்தனை மாசத்துக்குத் தாங்கும்னுதான் யோசிச்சிட்டிருந்தேன்."