ராபர்ட்டுக்கு ஒரு ஓவரால்

“அவரை ஒடம்பைக் குறைக்கச் சொல்லுங்கக்கா. துணியை எதுக்குக் கூட்டணும்?”

மில்லு ஸ்டோர்ஸ்ல துணி ஆர்டர் பாக்கிற ஜோ போன்ல இப்படித்தான் சொன்னான். சொல்லிட்டுச் சிரிப்பு வேற.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல மடவார் வளாகத்துப் பக்கம் ஆறு மெஷின் போட்டு, ராஜபாளையத்து மில் ஒண்ணுக்கு நான் யூனிபார்ம் தைக்கேன். முக்கால்வாசி ஓவரால்தான். நெஞ்சை மறைச்சு, தோள்ல ரெண்டு பட்டை வச்சு, கால் வரைக்கும் ஒண்ணா வரும்ல, அது. எங்கயும் துணி தொங்காது. அதனால மெஷின் பெல்ட்டுல சிக்காது.

ஆர்டர்ல வாரது மூணே அளவு. அதுல பெருசுக்கு இடுப்பு நாப்பத்தி நாலு இஞ்சு. அந்த மில்லுல ஃபிட்டரா இருக்கிற ராபர்ட் அண்ணனுக்கு ஐம்பத்தி நாலு.

போன வருசம் அண்ணனும் அவர் வீட்டுக்காரி இவாஞ்சலினும் கடைக்கு வந்தாங்க. மில்லுல குடுத்த ஓவரால் தொடையைத் தாண்டி ஏறலையாம்.

“ராஜபாளையத்துல ஒரு கடை பாக்கி இல்ல. மதுரையிலயும் கேட்டாச்சு பேகம். குனிஞ்சு நிமிர்ற வேலை. இறுக்காம ஒண்ணு தைச்சுக் குடு”ன்னாரு அண்ணன்.

“இப்ப என்னத்தைப் போட்டு வேலை பாக்குதீங்கண்ணே?”

“சட்டைதான். பெல்ட்டுக் கிட்ட போகையில ஒரு கையால முனையைப் பிடிச்சுக்கிடுவேன்.”

அண்ணன் சிரிச்சாரு. இவாஞ்சலின் சிரிக்கல. என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னா.

டேப்பைப் போட்டு அளவெடுத்து நோட்டுல எழுதிட்டேன். ஆனா மில் துணியில, மில் பேரும் வருசமும் அச்சடிச்ச முத்திரைத் துண்டோட இருந்தாத்தான் உள்ள விடுவாங்க. அதுக்கு ஜோ சரின்னு சொல்லணும். அதான் போன் போட்டேன். ஒடம்பைக் குறைக்கச் சொன்னதோட விடல அவன். “அளவு மாறி ஒரு பீஸ் வெளிய வந்துச்சுன்னா ஆர்டர் வேற ஆளுக்குப் போயிரும், பாத்துக்கோங்க”ன்னான்.

மிச்சத் துணி அலமாரியில கிடந்துச்சு. ஒண்ணு தைக்கலாம். ஆனா என்னை நம்பி ஆறு பொம்பளைக உக்காந்திருக்காளுக. “முடியாதுண்ணே”ன்னுட்டேன். அண்ணன் கோவிச்சுக்கல.

அதுக்குப் பொறவு ஜோ கடைக்கு வந்தா நான் முகங்குடுத்துப் பேசுறதே இல்ல. ஒரு மனுசன் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு வேலை பாக்குதான், இவனுக்கு ஒரு கெஜம் துணி பெருசாப் போச்சு.

போன செவ்வாய்க்கிழமை காலையில அவனே பைக்குல வந்து இறங்கினான்.

“அக்கா, ராபர்ட் அண்ணனுக்கு ஒரு ஓவரால் வேணும். அவரு அளவு உங்ககிட்ட இருக்குல்ல? சாயங்காலமே வேணும்.”

“இப்பவாவது புத்தி வந்துச்சே தம்பி.”



மத்த வேலையை எல்லாம் ஒதுக்கி வச்சிட்டு நானே உக்காந்தேன். குனிஞ்சா பிடிக்கக் கூடாதுன்னு முதுகுல துணி கூட விட்டேன். தோள்பட்டையில எலாஸ்டிக் வச்சேன். கவட்டைக்குத் தனித் துண்டு போட்டு ரெண்டு தையல் ஓட்டினேன். எம்புட்டோ தைச்சிருக்கேன், இம்புட்டு ஆசையா எதையும் தைச்சதில்ல.

“நாலஞ்சு தடவை துவைச்சுக் குடுங்கக்கா. மொடமொடன்னு இருக்கக் கூடாது”ன்னான் ஜோ.

புதுத்துணி அண்ணன் ஒடம்பை அறுக்கும்னு யோசிக்கான். இவனைப் போயி இத்தனை நாளாத் திட்டுனோமேன்னு எனக்கு வெக்கமாப் போச்சு. கையால கசக்கிக் கசக்கித் துவைச்சேன். வெயில்ல காயப் போட்டேன். அவனுக்கு டீ போட்டுக் குடுத்தேன்.

“உள்ள போன வருச முத்திரையை வச்சிருங்க. இந்த வருசத்தது இன்னும் அச்சாகி வரல.”

வச்சுக் குடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மனசு கேக்காம இவாஞ்சலினுக்குப் போன் போட்டேன்.

“ஏட்டி, அண்ணனுக்கு ஓவரால் பத்துச்சா? எங்கயும் பிடிக்கலையே?”



“எந்த ஓவரால்க்கா?”

“செவ்வாய்க்கிழமை ஜோ வாங்கிட்டுப் போனானே, அதுதான்.”

“திங்கக்கிழமையே அவரு போயிட்டாருக்கா. சட்டை பெல்ட்டுல சிக்கி உள்ள இழுத்துருச்சு. புதன்கிழமை அடக்கம் பண்ணினோம்.”

நான் அளவு நோட்டை எடுத்துப் பிரிச்சேன்.

“நேத்து விபத்தை விசாரிக்க மில்லுக்கு ஆபீசருக வந்திருந்தாங்க. ஜோ எங்க வீட்டுக்காரரு துணி வைக்கிற பெட்டியைத் தொறந்து ஒரு ஓவராலைக் காட்டுனான். போன வருசமே அளவெடுத்துக் குடுத்தாச்சு, இவருதான் திமிருல போடலைன்னு எழுதிட்டாங்க. எப்படிடா எனக்குத் தெரியாம ஒரு ஓவரால்னு ராவெல்லாம் மண்டையை உடைச்சுக்கிட்டேன். அப்ப அது நீங்க இப்பத் தைச்சதாக்கா?”

நான் நோட்டை மூடிட்டேன்.

“அக்கா, வந்து அதை மட்டும் சொல்லுங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம். அப்பா திமிருல செத்தாருன்னு என் பிள்ளைக கேக்கக் கூடாதுக்கா.”

வாசல்ல மில் வேன் வந்து நின்னுச்சு. ஜோ துணிக் கட்டை இறக்கிக்கிட்டே, “இந்தத் தடவை ரெண்டு பங்கு ஆர்டர்க்கா”ன்னான். ஆறு பேரும் மெஷினை நிப்பாட்டிட்டு என்னைப் பாத்தாளுக.

“போன வருசம் தைச்சதுதாம்மா அது”ன்னு சொல்லிட்டுப் போனை வச்சேன்.