கற்பூரத்தை அணைத்தவர்கள்

நேசமலர் பொய்ச் சத்தியம் செய்தவள் என்பதில் கனகராயன்குளத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. அவள் நாக்கே அதற்குச் சாட்சி.

பக்கத்து வயல்கார வீரகத்தி எல்லைக்கல்லைப் பிடுங்கி அவளுடைய வயலுக்குள் தள்ளி நட்டுவிட்டான் என்று, அம்மன் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தாள். தான் தொடவேயில்லை என்று வீரகத்தியும் அணைத்தான்.

ஆறு மாதம் போகவில்லை. நேசமலரின் நாக்குத் தடித்தது. பல் முரசு வீங்கி இரத்தம் கசிந்தது. பேச்சுக் குழறியது. அம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள் என்று ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. வயல் துண்டு வீரகத்தியிடமே நின்றது.

வீரகத்தியின் மனைவி இரஞ்சிதத்துக்குத்தான் மனம் கேட்கவில்லை. பொய்க்காரி என்றாலும் புருசனில்லாதவள், பாவம்தானே. தானே பஸ்ஸில் வவுனியா ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

டொக்டர் வாயைப் பார்த்தார், ஊதிய முகத்தைப் பார்த்தார். குளிருதா, களைப்பா என்று கேட்டார். பிறகு கழுத்தைத் தடவினார்.

"இது வாயில வந்த வருத்தமில்லை, அம்மா. கழுத்துக்குள்ள இருக்கிற சுரப்பி மந்தமாப் போச்சு. அதாலதான் நாக்குத் தடிக்குது, வாய் காயுது, முரசு பழுதாகுது. கனபேருக்கு வாறதுதான். குளிசையை விடாமல் போட்டா நாக்கு வத்தும்."

ஆடிய பற்கள் இரண்டை மட்டும் காப்பாற்ற முடியவில்லை.

திரும்பும் வழியெல்லாம் நேசமலர் அழுதாள். இரஞ்சிதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே கேட்டாள்.

"நான் சொன்னா ஆரும் நம்பாயினம், அக்கா. நீங்கள் சொல்லுங்கோ."

சொல்லாமல் விடுவேனா என்று இரஞ்சிதம் சத்தியம் செய்யாத குறை.

வீட்டுக்கு வந்ததும் புருசனிடம் எல்லாவற்றையும் சந்தோசமாகக் கொட்டினாள். சோற்றைப் பிசைந்த கையோடு வீரகத்தி எழும்பிப் போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"இதை ஊருக்குள்ள கதைச்சுப் போடாதை."

"ஏனப்பா?"

"அம்மாளின்ர தண்டனை இல்லையெண்டா, கல்லு முந்தி எங்க நிண்டதெண்டு சனம் தேடத் துவங்கும்."

இரஞ்சிதம் அவன் சோற்றுக் கோப்பையைப் பார்த்தாள். அதில் கிடந்ததும் அந்தத் துண்டில் விளைந்த நெல்லுச் சோறுதான். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் கிணற்றடியில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். டொக்டர் என்ன சொன்னாராம்?

"அவருக்கும் விளங்கேல்லையாம். அம்மாளைக் கும்பிடச் சொன்னார்" என்றாள் இரஞ்சிதம்.

அவள் நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.